அக்கா வீட்டுக் கதவு, தங்கச்சி வீட்டுக் கதவு

போன வாரம், நம் ஷட்டர் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, "சீலிக்கா, ஒரு வீட்டுக்கு கார் ஷெட் கதவு எஸ்டிமேட் போடறப்ப முதல்ல இன்னா பாக்கணும்?" என்று கேட்டீர்கள். பில்லரைப் பாருங்கள், மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதெல்லாம் பட்டறையில் ஆறு மாதம் இருந்தால் யாருக்கும் வந்துவிடும். உங்கள் கேள்விக்குச் சரியான பதில் எனக்குக் கிடைத்தது ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான். பொறாமையால் கிடைத்தது. அதனால் நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். இதில் வருகிற அக்கா தங்கச்சி இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தினகரனை மட்டும் கேட்கவில்லை.

இன்று நீங்கள் சார் என்று கூப்பிடுகிற அதே தினகரன்தான். டிப்ளமா முடித்துவிட்டு வந்த புதிதில் அவனுக்கு அளவெடுக்கத் தெரியும், பேசத் தெரியாது. சைட்டுக்குப் போனால் கஸ்டமர்தான் பேசிக்கொண்டிருப்பார், இவன் தலையாட்டிக்கொண்டு நிற்பான். இவனெல்லாம் எங்கே ஆர்டர் பிடிக்கப் போகிறான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு வருஷத்தில் ஆபீஸ் போன் அடித்தால், "தினகரன் தம்பி இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "நான் எஸ்டிமேட் மேடம் பேசறேன், சொல்லுங்க" என்றால், "பரவால்ல மேடம், அவரு வந்ததும் பேசிக்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள்.

பொறாமை என்பது ஏதோ பெரிய சதித்திட்டம் போல வரும் என்று நினைக்காதீர்கள். சின்னச் சின்னதாகத்தான் வரும். ஒரு கஸ்டமர் அவனுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். அவன் வெல்டிங் பசங்களிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் பங்கு வைத்தான். என் மேஜைக்கு வந்தபோது, "எனக்கு சுகர்ப்பா, வேணாம்" என்றேன். அப்போது எனக்கு சுகர் கிடையாது. மத்தியானம் முழுக்க ஆபீஸில் அந்த மாம்பழ வாசனைதான். தலைவலி வந்துவிட்டது.

முதலாளி எஸ்டிமேட் வேலைக்கு ஒருவரைப் பொறுப்பாக உட்கார வைக்கப் போகிறார் என்று பேச்சு வந்த சமயம் அது. முப்பது வருஷமாக இருக்கிறேன், கேட்கவா வேண்டும், நான்தான் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து தினகரன் கணியம்பாடியில் ஒரு வீட்டுக்கு மோட்டார் வைத்த ஷட்டர் ஆர்டர் பிடித்தான். சாதாரண வீடு, ஒரே ஒரு கார். ஆனால் ரிமோட், பேட்டரி என்று எல்லாம் சேர்த்துப் போட்டிருந்தான். முதலாளி பட்டறை நடுவில் நின்று, "பாருங்க, வீட்டு ஆர்டர்ல இப்படி ஒரு கொட்டேஷன் யாராவது இதுவரைக்கும் போட்டிருக்கீங்களா?" என்றார். 'யாராவது' என்று சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நடுத்தரக் குடும்பத்து ஆட்களிடம் ஆசை காட்டி, தேவையில்லாத மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்தால்தான் சோறு இறங்கியது.

அடுத்த மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். தினகரன் சைட்டுக்குப் போயிருந்தான். நான்தான் எடுத்தேன்.

"கணியம்பாடில விமலான்னு ஒருத்தங்க வீட்டுக்கு கார் ஷெட் கதவு போட்டீங்களே, நீங்கதானே?"

"ஆமாம்மா, எங்க பட்டறைதான்."

"எனக்கு அதைவிட நல்லதா ஒண்ணு வேணும்."

அதைவிட நல்லதாக! காதில் தேன் பாய்ந்ததுபோல இருந்தது. அவன் வந்ததும் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே வருகிறேன் என்று விலாசம் வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மா பெயர் பத்மா. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற செக்ஷனில் சூப்பர்வைசர். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து நடக்கிற ஆள். பேச்சில் எப்போதும் பத்துப் பேரை வேலை வாங்குகிற தோரணை இருக்கும். கணவர் கோபால் வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். அந்த ஒரு கார்தான் அவருடைய பிழைப்பு. ஷெட்டுக்கு இருந்தது தகரக் கதவு. கீழே துருப்பிடித்து அரித்து, எலி புகுந்து காரில் ஒயரைக் கடித்துவிட்டிருந்தது. புதுக் கதவு நிஜமாகவே தேவைதான். நல்ல ஸ்பிரிங் போட்ட, கையால் தூக்குகிற சாதாரண ஷட்டர் போதும். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது.

பத்மா போனை நீட்டினார். வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்த வீடியோ. சாம்பல் கலர் ஷட்டர் யாரும் தொடாமல் மேலே போகிறது. பின்னால் பாட்டு.

"எப்டி போவுது பாருங்க. அவ பொண்ணு போட்டிருக்கா. எங்க சொந்தக்காரங்க எல்லாம் பாத்துட்டு எனக்கு போன் பண்ணி, உன் தங்கச்சி வீட்ல பாத்தியா, பாத்தியான்னு ஒரே பேஜாரு."

"விமலா உங்க தங்கச்சியா?"

"கூடப் பொறந்தவதான். பேச்சுவார்த்தை கம்மி."

கோபால் பக்கத்தில் நின்றிருந்தார். "எனக்கு கையால தூக்கற கதவே போதும் மேடம். நான்தானே தூக்கப் போறேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, பத்மா என்னிடம் சொன்னார்: "அணைக்கட்டுல எங்கப்பாவுக்குக் கொஞ்சம் நெலம். மழை இல்லன்னா அதுவும் இல்ல. பன்னெண்டாவது முடிச்சதும் என்னை கம்பெனிக்கு அனுப்பிட்டாரு. அவளை மட்டும் வேலூர்ல காலேஜ்ல சேத்தாரு. நான் தைச்ச ஷூவுலதான் மேடம் அவ காலேஜுக்கு நடந்தா. அவளுக்கு ஆபீஸ் மாப்பிள்ளை, அவளுக்கு மாடி வீடு, இப்ப அவளுக்குப் பட்டன் அமுக்குனா தொறக்கற கதவு. எனக்கு ஒரு தடவையாவது அவளைவிட ஒரு படி மேல வேணும். இதைவிட அகலமா, மரக் கலர்ல, சத்தமே கேக்கக் கூடாது. போட முடியுமா, முடியாதா?"

எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அது என் கோபம் மாதிரியே இருந்தது. "போடலாம்மா" என்றேன். பழைய செங்கல் பில்லர் அந்த எடையைத் தாங்காது, இரண்டையும் இடித்து கான்கிரீட்டில் எழுப்பணும், மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கணும் என்றேன். செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு குத்துமதிப்பும் சொன்னேன். பத்மா கழுத்தில் கிடந்த செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதை வெச்சு சனிக்கிழமை அட்வான்ஸ் தர்றேன். கொட்டேஷனோட வாங்க" என்றார். கோபால் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி, "சனிக்கிழமை அட்வான்ஸோட வாங்க சீலிம்மா, அப்புறம் அந்தப் பொறுப்பு விஷயம் பேசிடலாம்" என்றார். 'சீலிம்மா' என்று அவர் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கணியம்பாடி கதவை ஜெயிக்க வேண்டுமானால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதில் தினகரன் என்ன தப்பு செய்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் சர்வீஸ் செக்கிங் என்று சொல்லிக்கொண்டு விமலா வீட்டுக்குப் போனேன். பெண் மட்டும்தான் இருந்தாள். "அம்மா இப்ப வந்துடுவாங்க மேடம், நீங்க ஷெட்டைப் பாத்துட்டு இருங்க" என்று உள்ளே விட்டாள்.

உள்ளே போனதும் எனக்கு ஒரே சந்தோஷம். தப்புகள் வரிசையாகத் தெரிந்தன. இவ்வளவு செலவில், கலர் வெறும் சாம்பல்; ஒரு அழகு இல்லை. வீட்டு ஷட்டருக்குத் தேவையில்லாத பெரிய பேட்டரி. எல்லாவற்றையும்விட, உள்பக்கத்து சுவிட்சை இடுப்புக்கும் கீழே வைத்திருந்தான். சின்னப் பிள்ளைகள் கை எட்டும் உயரம். எந்த எஸ்டிமேட்டரும் அப்படி வைக்க மாட்டான். அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேறு கிடந்தது. போனை எடுத்து சுவிட்சை ஒரு போட்டோ எடுத்தேன். முதலாளி பார்க்கட்டும் என்றுதான்.

அப்போது கதவு தானாக எழும்ப ஆரம்பித்தது. வெளியே கார் நின்றது. விமலாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். வயசான பிறகு கார் பழகினவர்கள் ஓட்டுகிற விதமே தனி, பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து சீட்டில் அவர் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முழங்கைக்கு மேலே பெரிய பிளாஸ்திரி. முகம் சாம்பல் பூத்திருந்தது. விமலா சுற்றி வந்து கதவைத் திறந்து, கைத்தாங்கலாக இறக்கி, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கையை நீட்டி, அந்தத் தாழ்ந்த சுவிட்சை அமுக்கினார். ஷட்டர் இறங்கித் தரையைத் தொடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கையில் போன் அப்படியே இருந்தது.

விமலாவுக்கு என் கழுத்தில் தொங்கிய பட்டறை அடையாள அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "வாங்க மேடம். தினகரன் தம்பி எல்லாம் சொல்லியிருப்பாரே."

"இல்லம்மா. அவன் எதுவும் சொல்லல."

விமலா ஆச்சரியப்பட்டார். பிறகு, நாமெல்லாம் ஒரே பட்டறை என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டார். கணவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பழைய ஷட்டரை இறங்கித் தூக்கி, காரை வெளியே எடுத்து, மறுபடி இறங்கி இழுத்து மூடி, விமலாவுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. கணவர் காருக்குள் உட்கார்ந்து, தன்னால் முடியவில்லையே என்று அழுவாராம்.

"மரக் கலர்லதான் மேடம் நானும் கேட்டேன். அந்தத் தம்பிதான் வேணாம்னுச்சு. அந்தச் செலவைப் பேட்டரிக்குப் போடுங்க, விடிகாலையில கரண்ட் இல்லன்னா அவரை வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு. அப்புறம் இவர் பக்கத்துல உக்காந்து, 'சார், இந்தக் கதவுல உங்களுக்கு இன்னா வேணும்'னுச்சு. அதுவரைக்கும் அவரை யாருமே எதுவும் கேக்கல. இவர் சொன்னாரு, 'வீட்டுக் கதவை ராத்திரி சாத்தறது என் வேலை தம்பி. இப்ப அது கூட இல்ல'ன்னு. அதுக்குத்தான் சுவிட்சை அங்க வெச்சுது."

நாற்காலியில் இருந்தவர், "இப்ப நான்தான் சாத்தறேன்" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் வந்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். முன்னைவிட ஜாஸ்தி. ஆர்டர் பிடித்ததற்குப் பொறாமைப்பட்டேன். அது சின்ன விஷயம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் அவனுக்குத் தோன்றியதே! முதலாளி அத்தனை பேர் முன்னால் புகழ்ந்தபோதும், பசங்க "பெரிய பார்ட்டியைப் பிடிச்சிட்டடா" என்று கிண்டல் செய்தபோதும், இந்த வீட்டுக் கஷ்டத்தில் ஒரு வார்த்தை வெளியே விடாமல் நின்றானே! வாயை மூடுவதிலும் என்னை முந்திவிட்டான்.

கிளம்பும்போது விமலா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில யாருக்கும் தெரியாது மேடம். பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். ஆம்பூர்ல எங்க அக்கா இருக்கா, அவளுக்கே தெரியாது."

"கூடப் பொறந்தவங்ககிட்ட சொல்லலாமேம்மா?"

"எங்க அக்காவுக்கு என்னைப் பாத்தா வயிறு எரியும் மேடம். சின்ன வயசுலருந்தே. எனக்குத் தெரியும். அவ என்னை அய்யோ பாவம்னு பாக்கறதுக்கு, வயிறு எரிஞ்சிட்டே இருக்கட்டும், பரவால்ல."

வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து சுவிட்ச் போட்டோவை அழித்தேன். பிறகுதான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அக்கா, தங்கச்சி வீட்டுச் சுகத்தைப் பார்த்துச் செயினை அடகு வைக்கப் போகிறார். அது சுகமே இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஒரு வீட்டு ரகசியம் போய்விடும். அதுவும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டவருடைய ரகசியம். சொல்லாமல் அட்வான்ஸை வாங்கிக்கொண்டால் என் நாற்காலி எனக்கு. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் கொட்டேஷனைத் திரும்பத் திரும்ப டைப் செய்தேன். தினகரன் எதிர் மேஜையில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்து, "அக்கா, ஆம்பூர் சைட்டுக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டான். "ஒண்ணும் வேணாம்" என்று வெடுக்கென்று சொன்னேன். கேட்டிருந்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அதனாலேயே கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்மா கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். செயினைக் கழற்றி ஒரு சின்னப் பர்ஸில் வைத்திருந்தார். கோபால் காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அவ கதவை நேர்ல பாத்தீங்களா? எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா போட்டிருக்கான்."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பத்மாவுக்குத் தெரியாது.

"என்னோடது அதைவிட நல்லா இருக்குமா?"

"அந்த வீட்டுக்கு அது நல்ல கதவு. உங்க வீட்டுக்கு வேற."

"இன்னா வேற? நான் கம்பெனில வேலை செய்றவ, எனக்குத் தகரம் போதும்னு சொல்றீங்களா?"

"அப்படி இல்லம்மா. செயினைப் பர்ஸ்லயே வைங்க. அட்வான்ஸ் இன்னிக்கு வேணாம். ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய், அந்தக் கதவு தொறக்கறப்ப பக்கத்துல நின்னு பாருங்க. அதுக்கப்புறமும் வேணும்னா, இதே கொட்டேஷன்ல போட்டுத் தர்றேன். ஸ்டேட்டஸ்ல பாத்தெல்லாம் கதவு வாங்கக் கூடாது."

பத்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அவ கூப்டாம அவ வாசப்படி மிதிக்க மாட்டேன். அவளுக்கு நேரா போய் நின்னு, உன் கதவைப் பாக்க வந்தேன்னு சொல்லணுமா? உங்களுக்கு ஆர்டர் வேணாம்னா சொல்லிடுங்க, வேற பட்டறை இல்லாமலா போச்சு?"

இன்னும் நிறையப் பேசினார். அப்பாவைப் பற்றி, தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பற்றி, தனக்குக் கிடைக்காத எல்லாவற்றைப் பற்றியும். அழுதுகொண்டே பேசினார். முன்பின் தெரியாத என் எதிரில் அவ்வளவும் கொட்டினார். அரைமணி நேரம் நின்று கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாய் அடைத்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது என் வார்த்தை இல்லை, விமலாவுடையது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு விமலாவுக்குப் போன் செய்தேன். "உங்க அக்கா எங்க பட்டறைக்குக் கஸ்டமரா வந்திருக்காங்க. உங்க கதவு மாதிரியே வேணும்ங்கறாங்க. நான் உங்க விஷயம் எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா உங்க கதவைப் பாத்துட்டுதான் அவங்க வாங்கணும்னு எனக்குத் தோணுது. கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்."

விமலா, "எவ்ளோ ஆகும்னு சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்ளோவுக்கு அவ எங்க போவா?" என்றார். போன் வைத்துவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பினேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து மறுபடியும் 'மேடம்' ஆகிவிட்டேன்.

பல நாள் ஆம்பூரிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பத்மாவின் குரல்தான், எனக்குத் தெரியாமல் போகுமா. ஆனால் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "தினகரன் தம்பி இருக்காரா?" என்றார்.

கொடுத்தேன். எதிர் மேஜையில் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சரிங்கம்மா. கையால தூக்கறதுதானே? சார் உயரம் என்னங்க? எந்தத் தோள் வலி?" என்றெல்லாம் கேட்டான். கோபாலுக்குத் தோள் வலி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தான். "அக்கா, இது உங்க கஸ்டமர். நீங்க எடுத்த அளவு இருக்குல்ல. நீங்களே முடிச்சுக் குடுங்க."

"உன்னைத்தானே கேட்டாங்க. நீயே போ" என்றேன். அளவுத்தாளை அவன் பக்கம் தள்ளினேன். கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினேன். கீழே விழுந்துவிட்டது. அவன் குனிந்து எடுத்துக்கொண்டு, "அப்ப நீங்களும் வாங்க" என்றான். வரமாட்டேன் என்றேன். பிறகு கதவு மாட்டுகிற அன்றைக்குப் போனேன். என்ன போட்டிருக்கிறான் என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

சாதாரண ஷட்டர்தான். ஆனால் ஸ்பிரிங்கை இரட்டையாகப் போட்டு, ஒரு கையால் தூக்கும்படி லேசாக்கியிருந்தான். எலி நுழையாமல் இருக்க அடியில் ரப்பர் பட்டை. பழைய பில்லரே போதும் என்பதால் இடிக்கும் செலவில்லை. பத்மா கழுத்தில் செயின் கிடந்தது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. அவ கூப்பிட்டா. போனேன். அவர் அந்தச் சேர்ல உக்காந்து கதவு சாத்தறதைப் பாத்தேன். இப்ப ஞாயித்துக்கிழமையில இவர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. அவ ஒருநாளாவது தூங்கட்டும். மாப்பிள்ளை வீட்லயும் விஷயத்தைச் சொல்லிடுன்னு நான்தான் சண்டை போட்டேன். அந்த எடம் போச்சு. போனா போவட்டும், வேற வரும்."

வேறு இடம் பிறகு வந்தது, கல்யாணமும் ஆகிவிட்டது.

"ஏம்மா என்னைக் கூப்பிடல?" என்று கேட்டேவிட்டேன்.

பத்மா தலையைக் குனிந்துகொண்டார். "உங்க எதிர்லதானேக்கா அன்னிக்கு அப்டியெல்லாம் பேசுனேன். உங்க முகத்தைப் பாத்தா அதுதான் ஞாபகம் வருது. அந்தத் தம்பிக்கு எதுவும் தெரியாதுல்ல."

இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். எஸ்டிமேட் போடுமுன் அந்தக் கதவை யார் திறக்கப் போகிறார்கள், யார் சாத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். இதை தினகரனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கஸ்டமர் யாரைவிடப் பெரிய கதவு கேட்கிறார் என்று கவனியுங்கள். கேட்பது கதவாக இருக்காது. இது பத்மாவிடம் தெரிந்துகொண்டது. சரியாக நடந்துகொண்டால் ஆர்டர் நமக்கு வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஆளின் மோசமான அரைமணி நேரத்தைப் பார்த்துவிட்டோம் என்றால், அவர் அதற்குப் பிறகு அதைப் பார்க்காதவரிடம்தான் போவார்.

அந்தப் பொறுப்பு தினகரனுக்குப் போனது, உங்களுக்குத் தெரியும். சரியான ஆளுக்குத்தான் போனது. இதை எழுதுகிறபோதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

அன்றைக்கு கோபால் ஷட்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார். "மேடம், இது போதும்னு நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா?" என்று சிரித்தார். பத்மா தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டு, "நீயும் பாரு, என் வீட்டுக்காரர் ஒத்தக் கையால தொறக்கறாரு" என்று பெருமையாகக் காட்டினார். பிறகு உள்ளே போய்த் தட்டில் டீ கொண்டுவந்தார். முதல் டம்ளரை தினகரனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, அப்படியே என் பக்கம் நீட்டினான். "நீ குடி" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டம்ளரைத் தட்டிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.